பழவேற்காட்டில் கேட்ட தனித்தட்டு

வாயைத் திறந்தால் வம்பு என்று வீட்டில் எனக்குப் பெயர். பழவேற்காட்டில் நான் திறந்த வாயை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு மாமாவுடையது. மாமாவும் அப்பாவும் ஒரே ஷிஃப்ட். மாமாவின் மனைவியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். முறை வைத்துக் கூப்பிடுவதில் எங்கள் வீட்டில் ஒரு குறையும் இருந்ததில்லை. அத்தை வந்தால் டீ கொடுக்க ஜன்னல் மேடையில் விளிம்பு நசுங்கிய டம்ளர் ஒன்று தனியாக இருக்கும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அத்தைமேல் அம்மாவுக்கு அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதில், பெரிய லீவில், அத்தையின் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பழவேற்காடு போனோம். மாமா எங்களைப் படகில் ஏற்றி, ஏரியைத் தாண்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஆசைதீர மணலில் புரண்டேன். திரும்பும் வழியில் ஒல்லாந்தர் கல்லறையில் மண்டையோடு செதுக்கிய கல்லைக் காட்டினார்.

"இவன் துணி வாங்க வந்தான். எங்காளுங்க அரபு நாட்லேர்ந்து யாவாரத்துக்கு வந்தாங்க. எல்லாருக்கும் இந்த ஊரு சோறு போட்டுச்சு."

அந்தச் சோற்றில்தான் வந்தது வினை. கல்யாண வீட்டில் ஆளுக்கொரு இலை கிடையாது. பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, சகன் என்று நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். அத்தை, அவர் அக்கா, அம்மா, நான். அம்மாவின் கை மடியைவிட்டு எழவில்லை.

"எனக்குத் தனித்தட்டு வேணும்" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள். கிள்ளினால் அடங்குகிற ஜென்மமா நான்? "நம்ம வீட்ல அத்தைக்குத் தனி டம்ளர் வெச்சிருக்கோமே, அது மாதிரி!"

அத்தையின் அக்கா கை பாதியில் நின்றது. "இன்னாடி, தனி டம்ளரா?"

அத்தை சட்டென்று சிரித்தார். "ஆமாக்கா. அவங்க ஊட்ல எனக்கு அவ்ளோ மரியாதை."

எழுந்துபோய் எனக்கொரு தட்டு கொண்டுவந்து, நல்ல கறியாகப் பொறுக்கி வைத்தார். அம்மா குனிந்த தலை நிமிராமல் சகனில் கைவைத்துச் சாப்பிட்டாள். நானோ தனித்தட்டோடு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன், வெட்கங்கெட்டவள்.

ஊர் திரும்பியதும் அம்மா அந்த டம்ளரை மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டாள். அத்தை ஒரு மாதம் எங்கள் வாசல்பக்கமே வரவில்லை. ஒருவழியாக வந்த அன்று அம்மா பரபரவென்று டீ போட்டுப் புது எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தைக்கு உரியதை மறந்துவிட்டாளே! அவள் பிஸ்கட் டப்பாவை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, நசுங்கிய விளிம்பைத் தேடிக் கண்டுபிடித்து, டீயை அதில் மாற்றி, சிந்தாமல் கொண்டுபோய் நீட்டினேன்.

"அத்தை, உங்க டம்ளர் தொலையல! நானே தேடி எடுத்துட்டேன்!"

அத்தை என் கன்னத்தைத் தட்டினார். பிறகு ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவேயில்லை. பிஸ்கட் டப்பாவின் மூடி திறக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.