டர்ரென்று திறந்த பை

படமெடுக்கிற அக்கா என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பாஸ்போர்ட் படமோ பள்ளி ஆண்டுவிழாவோ, கூப்பிட்ட குரலுக்குத் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அழுகிற குழந்தையையும் சிரிக்க வைத்துவிடும் வாய் அவளுக்கு.

அன்று ஒரு டீச்சர் வீட்டில் அப்பாவுக்குப் பிறந்தநாள். பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. டீச்சர் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மூன்று படம் எடுத்தாயிற்று. லென்ஸை மாற்றலாமே என்று அக்கா பையின் மூடியை இழுத்தாள். வெல்க்ரோ பட்டை ‘டர்ர்ர்’ என்று பிரிந்தது. அதே நொடியில் பெரியவரின் உதடு அசைந்தது. மகளைப் பார்த்து ஏதோ சொன்னார்; அந்தச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது.

“அப்பா! என்னப்பா சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்கப்பா!”

வாய் மூடிக்கொண்டுவிட்டது. டீச்சர் திரும்பினாள். “உங்களுக்குக் கேட்டுச்சாக்கா?”

அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“பரவாயில்லக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

நேராகக் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கொழுந்தனிடம் போனாள். “இதோட வாயைத் தைச்சுடு.”

“அப்புறம் கேமராவை எப்படி அண்ணி எடுப்பீங்க? பையைக் கிழிச்சா?”

அவள் சிரிக்கவில்லை. அவன் சொரசொரப்பான பட்டையின்மேல் மெத்தென்ற துணியை வைத்துத் தைத்தான். மூடி நிற்க ஒரு பொத்தானும் துணி வளையமும் வைத்தான். அவள் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். பை மூச்சு விடவில்லை. மனசுதான் அடங்குவேனா என்றது.

படத்தைக் கொடுக்கப் போன இடத்தில் டீச்சரிடம், “ஞாயித்துக்கிழமை நான் அப்பாகூட இருக்கேன், நீ கொஞ்சம் கண்ணசரு” என்று சொல்லிவிட்டாள். அதுவே வழக்கமானது. ஒரு மதியம் டீச்சர் பக்கத்து அறையில் அசந்து தூங்க, அக்கா பெரியவரின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“போதும்” என்றார் அவர். அட்சர சுத்தமாக.

பதறியடித்து டீச்சரை எழுப்பினாள். தலைமுடி கலைய ஓடிவந்தவள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே கிடந்தார். மகளுக்குச் சேர வேண்டியதை இரண்டாம் முறையும் தட்டிப் பறித்துவிட்டோமே என்று அக்கா குன்றிப்போனாள்.

“நான் வந்திருக்கவே கூடாதும்மா.”

“அட, சும்மா இருங்கக்கா! பேச்சு வருதுன்னு தெரிஞ்சுதே.” டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “அதட்டல்லதான் ஆரம்பிச்சிருக்காரு. அச்சு அசல் எங்கப்பாவேதான்.”

சில வாரம் கழித்து, ஒரு கம்பெனி விழாவில் இருக்கும்போது போன் வந்தது. “அக்கா, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாருக்கா!”

அக்கா அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அந்தப் பிறந்தநாளன்று என்ன சொன்னார் என்று அப்பாவைக் கேட்க டீச்சருக்குத் தோன்றவேயில்லை. அக்காவுக்குத் தோன்றாத நாளில்லை. தைரியம்தான் வரவில்லை.