கால்மாடு எங்கள் பக்கம்

எங்கள் ஊரில் ஒரே மாதா கோயில், ஒரே சாமியார், இரண்டு கல்லறைத் தோட்டம். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள். இந்தப் பக்கம் காலனிக்காரர்களான நாங்கள். கண்டாச்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் ஊருக்கு முன்னாலேயே அந்தச் சுவர் வந்துவிடும்.

சின்னப்பராஜ் பெரியப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. கொத்தனார். கோலியனூர் முதல் திண்டிவனம் வரை அவர் கட்டிய எந்தச் சுவரில் ரசமட்டம் வைத்தாலும் குமிழ் நடுவில் நிற்கும். அவர் வாழ்நாளில் அந்தக் கல்லறைச் சுவர் மழையில் மூன்று முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் எங்கள் பக்கம் மூன்றடி, நாலடி தள்ளித்தான் மறுபடி எழுந்தது. திண்டிவனத்தில் நான் வரலாறு படித்தேன். எங்கள் தெருவின் முதல் டிகிரி. வல்லரசுகள் எல்லையைத் தள்ளிக்கொண்டே போன கதையைப் பத்து மதிப்பெண் கேள்வியாக எழுதியிருக்கிறேன். அவர்களுக்காவது பீரங்கி தேவைப்பட்டது. இங்கே ஒரு மழையும் ஒரு நூல்கண்டும் போதும்.

போன வருடப் புயலில் சுவர் நான்காம் முறை விழுந்தது. இந்த ஆவணியில் அதைக் கட்டும் வேலையைக் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குக் குழு பெரியப்பாவிடமே கொடுத்தது.

“நம்மளத் தள்ளி வைக்கிற சுவத்த நீயே கட்டுவியாண்ணா?” என்று கேட்டார் அவர் தங்கை அமலோற்பவமேரி அத்தை.

“வேற ஆளு கட்னா நூலு அவன் கையில. நான் கட்னா என் கையில. பழைய கடக்கால் மேலயே ஏத்திடுவன். ஒரு அங்குலம் வராது பாரு.”

பழைய சுவரை ஒட்டித்தான் அவர் மனைவி அக்னஸ் பெரியம்மாவைப் புதைத்திருந்தோம். ஊரில் பாதிப் பேருக்குக் கல்லறை கட்டியவர், பெரியம்மாவுக்கு மட்டும் கட்டவில்லை. மண் இறுகட்டும் என்று ஒரு வருடம். வேலை ஓயட்டும் என்று ஆறு வருடம். வெறும் மண்மேடும் ஒரு மரச்சிலுவையும்தான்.

சனிக்கிழமை பழைய கோட்டில் முளை அடித்து நூல் கட்டினார். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் முளைகள் நாலடி இந்தப் பக்கம் வந்திருந்தன. நூல் பெரியம்மாவின் மேட்டுக்குக் குறுக்கே ஓடியது. மரச்சிலுவை வேலியோரம் கிடந்தது.

குழுச் செயலாளர் சவரிநாதனிடம் கேட்டார். அவனுக்கு என்னைவிடப் பத்து வயதுதான் கூட.

“அங்க ஏது கல்லறை, சின்னப்பராசு? வெறும் மேடுதான இருக்குது. பேஜாரு பண்ணாம வேலையப் பாரு.”

அன்று பெரியப்பா பூசைக்குப் போகவில்லை. ஊரே கோயிலில் பாடிக்கொண்டிருந்தபோது, சுவருக்காக இறக்கியிருந்த செங்கல்லையும் சிமெண்டையும் எடுத்து மேட்டின்மேல் கல்லறை கட்டினார். நான் கலவை போட்டேன். தலைமாட்டில் சிமெண்டுச் சிலுவை. ஈரப்பூச்சில் ஆணியால் ‘அக்னஸ்’ என்று என்னை எழுதச் சொன்னார்.

“இப்ப இடிக்கட்டும் பாக்கலாம். சிலுவைய இடிக்க அவனுங்களுக்குக் கை வராது.”

கை வரவில்லைதான். செவ்வாய்க்கிழமை வேறொரு கொத்தனாரைக் கூட்டிவந்து கல்லறை மேலேயே சுவரை ஏற்றிவிட்டார்கள். தலைமாடும் சிலுவையும் அந்தப் பக்கம். கால்மாடு எங்கள் பக்கம். சிலுவையைத் தொடப் பயந்தவர்களுக்கு அதன் கீழே படுத்திருப்பவர் நெஞ்சில் செங்கல் அடுக்கக் கூசவில்லை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். சாமியார் முதலில் அந்தப் பக்கக் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு, சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். பெரியப்பா கால்மாட்டில் மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலே சவரிநாதனின் தலை தெரிந்தது.

“சின்னப்பராசு, எங்கப்பா கல்லறை விரிசல் வுட்டுக்கினு கீது. வந்து பூசிக் குடு. உன் வேலைதான் சுத்தம்.”

“அந்தப் பக்கம் நான் வரலாமாங்க?”

“வேலைக்கு வர்றதுக்கு இன்னா?”

பெரியப்பா எழுந்து, கையில் இருந்த இன்னொரு மெழுகுவர்த்தியைச் சுவருக்கு மேலே நீட்டினார்.

“என் பொண்டாட்டி தலை அங்கதாங்க கீது. மொதல்ல இத அங்க கொளுத்தி வைங்க. பூச்சு வேலைய அப்பறம் பேசலாம்.”

சவரிநாதனின் தலை சுவருக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மெழுகுவர்த்தி அவர் கையிலேயே இருந்தது.