மஞ்சுளாவின் பெயரில் என் ரத்தம்

நான்தான் செய்தேன். அந்த ஸ்லைடில் இருந்தது மஞ்சுளாவின் ரத்தம் இல்லை. என்னுடையது.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அதுவும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் லட்சணம் இதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்!

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பி.எஸ்சி. படித்தேன். அங்கே என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் இப்போதும் கடகடவென்று ஒப்பிப்பேன். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் பிரித்து வரிசையாக ஒட்டுவது, குளத்து நீரில் ஒரு சொட்டெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, பழ ஈக்களின் கண் நிறத்தை வைத்து அவற்றின் பெற்றோர் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போடுவது... ஈக்களோடு நிறுத்தியிருந்தால் ஒரு தீங்கும் வந்திருக்காது.

மஞ்சுளா கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அவளுடைய அப்பா கோவிந்தன் குத்தகை நிலத்தில் கரும்பு போடுபவர். அம்மா அஞ்சலை அதே நிலத்தில் அவரோடு பாடுபடுபவள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் மஞ்சுளாதான். லேபில் அவளும் நானும் ஜோடி.

ரத்தம் என்றாலே அவளுக்கு ஆகாது. முதல் வருடம் பட்டாம்பூச்சிகளைப் பார்க்க எங்களைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனார்கள். முள் கீறியது என் கையில். அதைப் பார்த்து மயங்கி விழுந்தது அவள்! என் கையை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் முழுக்க அவளைக் கேலி செய்தேன்.

இரண்டாம் வருடம் ரத்த வகை கண்டறியும் பிராக்டிகல் வந்தது. விரலில் குத்தி, ஒரு ஸ்லைடில் மூன்று இடத்தில் ரத்தம் வைத்து, நீலப் பாட்டில், மஞ்சள் பாட்டில், நிறமில்லாத பாட்டில் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டுக் கலக்க வேண்டும். எந்தச் சொட்டில் ரத்தம் பால் திரிவதுபோலத் திரிகிறதோ, அதை வைத்து வகையைச் சொல்லிவிடலாம்.

மஞ்சுளா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். நான்தான் குத்தினேன். ஸ்லைடில் ரத்தத்தை வைத்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கவி... தலைய சுத்துதுடி" என்றாள். "நீ போய் வராண்டாவில ஒக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன்.

திரும்பும்போது என் முழங்கை பட்டு ஸ்லைடு கீழே விழுந்து உடைந்தது.

யாரும் பார்க்கவில்லை. கண்ணாடிச் சில்லுகளைக் காலால் மேசைக்கடியில் தள்ளினேன். வராண்டாவில் அவள் தூணில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் அவளைக் கூப்பிட்டுக் குத்துவதா? பாவமாக இருந்தது. ஸ்லைடை உடைத்ததற்கு மேடத்திடம் திட்டு வாங்குவதா? அதற்கும் மனம் வரவில்லை. வகுப்பில் முதல் மாணவி இல்லையா நான்! என் விரலில் ஏற்கெனவே குத்திய இடத்தை அழுத்தினேன். ரத்தம் வந்தது. மஞ்சள் பாட்டிலிலும் நிறமில்லாததிலும் திரிந்தது. எனக்கு B பாசிட்டிவ். மஞ்சுளாவுக்கும் B பாசிட்டிவ்.

இரக்கமா, சோம்பலா, பயமா... எதனால் செய்தேன்? மூன்றும் இருந்தன. இரக்கம் மட்டும்தான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து மரபியல் வகுப்பு. வீட்டில் எல்லாருடைய ரத்த வகையையும் கேட்டு வரச் சொல்லியிருந்தார் மேடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டுக் குடும்ப வரைபடம் வரைய வேண்டும். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க, போர்டில போடலாம்" என்றார். மஞ்சுளா ஆசையாக எழுந்தாள். வகுப்பில் அவள் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

அப்பா O. யாருக்கோ ரத்தம் கொடுக்கப் போனபோது ஆஸ்பத்திரியில் சொன்னது. அம்மா O. பிரசவத்துக்குப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு சதுரம், ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு, கீழே இன்னொரு வட்டம்.

"நீ?"

"B பாசிட்டிவ் மேடம்."

மேடத்தின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. O-வுக்கும் O-வுக்கும் பிறக்கும் பிள்ளை O-வாகத்தான் இருக்க முடியும் என்று முந்தின நாள்தான் நடத்தியிருந்தார். சட்டென்று டஸ்டரை எடுத்துத் துடைத்துவிட்டு, "வீட்டில ஞாபகம் இல்லாம சொல்லியிருப்பாங்க, ஒக்காரும்மா" என்றார். நல்ல மனசு அவருக்கு. ஆனால் வகுப்பே கணக்குப் போட்டு முடித்திருந்தது. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

நான் அப்போதே எழுந்திருக்க வேண்டும். "மேடம், அது என் ரத்தம்" என்று நாலே வார்த்தை! எழுந்திருக்கவில்லை. இன்டர்னல் மார்க் போகும், பொய்க்காரி என்பார்கள்... என் மனதில் ஓடியது இதுதான். பக்கத்தில் இருந்த மஞ்சுளாவின் முகத்தை நான் பார்க்கக்கூட இல்லை.

அவள் வெகுளி. வீட்டுக்குப் போய் நேராக அம்மாவிடம், "உனக்கு O தானாம்மா? நல்லா ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டிருக்கிறாள். ஏன் கேட்கிறாய் என்றதற்குப் பாடத்தையே விளக்கியிருக்கிறாள். வாசலில் கோவிந்தன் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. அஞ்சலை ஆக்கிய சோற்றைத் தொடுவதை நிறுத்திவிட்டார். கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வார். மஞ்சுளா பிறப்பதற்கு முந்தைய வருடம் அவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். கல்லூரியிலிருந்து பேச்சு ஊருக்கும் வந்து சேர்ந்தது; அந்த மாதங்களை ஊரே அவருக்காக எண்ணிக் கொடுத்தது.

மஞ்சுளா என்னிடம் வந்து அழுதாள். "ஆஸ்பத்திரியில மறுபடி பாத்துரலாம்னு சொன்னேன்டி. எங்கம்மா கேக்க மாட்டேங்குது. எனக்கும் பயமா இருக்குது... திரும்பவும் அதே வந்தா இன்னாடி பண்றது?"

வராது, மஞ்சுளா. வராது! அதைச் சொல்லாமல் கைக்குட்டையை நீட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியே தீர்வது என்று கச்சிராயபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். இதைக் கவனமாகக் கேளுங்கள். ஸ்லைடு விஷயத்தை நீங்கள் மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். இதை மன்னிக்க முடியாது.

அஞ்சலை என்னைக் கண்டதும் தட்டு வைத்துவிட்டாள். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. எதிரில் உட்கார்ந்தாள். 

"மறுபடி பாக்கலாங்குது இந்தப் பொண்ணு. இத்தினி வருசம் கூட குடித்தனம் பண்ண ஆளு, என் மூஞ்சியப் பாத்து தெரிஞ்சிக்கல. ஊசி குத்தித்தான் தெரிஞ்சிக்கணுமா? அப்படி ஒண்ணும் எனக்கு வேணாம்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நீ நல்லா படிக்கிற புள்ளன்னு மஞ்சு சொல்லிக்கினே இருக்கும். நீ சொல்லு கண்ணு. அந்தப் பாடம் பொய் சொல்லுமா?"

கேட்டுவிட்டு என் வாயையே பார்த்தாள். இதற்காகத்தானே வந்தேன்? இதைவிட நல்ல இடம் எனக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள்? வாயைத் திறந்தேன்.

"பாடம் பொய் சொல்லாதுங்கம்மா."

அதுதான் வந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள்! பாடம் சரியாகத்தான் இருந்தது. அஞ்சலை குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "குழம்பு ஊத்திக்கோ கண்ணு, வெறுஞ்சோறா துன்ற" என்றாள். ஊற்றிக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

அந்த மாதமே அவள் மணலூர்பேட்டையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கோவிந்தன் கூப்பிடப் போகவில்லை. மூன்றாம் வருடம் தொடங்கும்போது மஞ்சுளாவின் இடம் காலியாக இருந்தது. பேச்சு இன்னும் பரவுவதற்குள் என்று அவசர அவசரமாகச் சின்னசேலம் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு லேபில் வேறு ஜோடி போட்டார்கள்.

அந்த வருடம்தான் பாடப்புத்தகத்தில் இன்னொரு செய்தியைப் படித்தேன். பம்பாய் வகை என்று ஒன்று உண்டு. மிக அரிதாக, O என்று தெரிகிற பெற்றோருக்கும் வேறு வகைப் பிள்ளை பிறக்கலாம். உண்மையைச் சொல்லத் துணிச்சல் இல்லாவிட்டாலும் இதைக் கொண்டுபோயாவது அந்த வீட்டில் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்தைக் குறித்துவைத்துப் படித்தேன், பரீட்சையில் கேட்டார்கள், முழு மார்க் வாங்கினேன்.

சில வருடத்தில் அஞ்சலை மணலூர்பேட்டையிலேயே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். சாவுக்குப் போயிருந்தேன். கோவிந்தன் வந்திருந்தார். தெருமுனையில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே வந்து முகம் பார்க்கச் சொல்லி மஞ்சுளா அவர் காலில் விழுந்து கெஞ்சினாள். அவர் அசையவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்றேன். அவர் காதில் சொல்லியிருந்தால்கூடப் போதும். சொல்லவில்லை... சொல்லவில்லை!

இப்போது நான் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். விலங்கியல்தான். அதே நீலப் பாட்டில், மஞ்சள் பாட்டில். பிள்ளைகள் விரலை நீட்டிக் கண்ணை மூடும்போது ஸ்லைடை மேசை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளி வைப்பேன்.

போன மாதம் மஞ்சுளா போன் செய்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு முதன்முறையாகப் பிள்ளையுண்டாகியிருக்கிறாள். குரலில் அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

"கவி, எனக்கு O பாசிட்டிவாம்டி! ரெண்டு வாட்டி பாத்துட்டாங்க. எங்கம்மா மேல ஒரு தப்பும் இல்லடி. நம்ம லேப்ல பாட்டில் கெட்டுப் போயிருக்கும், இல்ல? பழைய பாட்டிலு தான அதுங்க?"

பாட்டில் பழசாகி வீரியம் போனால் திரிய வேண்டிய ரத்தம் திரியாமல் போகும். திரியாத ரத்தத்தை அது திரிய வைக்காது. இதை என் மாணவிகளுக்கு நானே நடத்துகிறேன். அவள் பாதியில் படிப்பை விட்டவள். அவளுக்குத் தெரியாது.

"ஆமாண்டி, பழசா இருந்திருக்கும்" என்றேன்.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீ ஒருத்திதான் சிரிக்காம என் பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்த. எங்கம்மா சாகறதுக்கு முன்னாடி கூட உன்ன விசாரிச்சிச்சு" என்றாள். போனைக் கீழே வைத்துவிட்டு துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு மறுபடியும் எடுத்துப் பேசினேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டை அவள் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். கோவிந்தன் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மணலூர்பேட்டைக்குப் போய், அஞ்சலையை எரித்த ஆற்றங்கரையில் பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தாராம். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

"உன்னப் பாக்கணும்னு கேட்டுக்கினே இருக்காரு கவி. நீதான் இப்ப அந்தப் பாடத்த சொல்லிக் குடுக்கிற ஆளாச்சே. 'பாட்டிலு மேலதான் தப்புன்னு அந்தப் பொண்ணு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், நான் சோறு துன்றேன்'றாரு. ஒரு வாட்டி வந்து சொல்லிட்டுப் போடி."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருக்கின்றன. கள்ளக்குறிச்சி பஸ் வரும்போதெல்லாம் கோவிந்தன் எழுந்து ரோட்டுக்கு வந்து பார்க்கிறாராம்.

போகத்தான் போகிறேன். உண்மையைச் சொல்லத்தான் போகிறேன் என்று இதை எழுதும்போது நினைக்கிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். போனதும் மஞ்சுளா தட்டு வைப்பாள். கிழவர் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்ப்பார். பாட்டில் கெட்டதுதானா என்று கேட்பார்...

ஆமாங்கய்யா என்று சொல்லிவிடுவேனோ? பயமாக இருக்கிறது.