சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே

கலங்கரை விளக்கத்தின் கதவை ஒட்டிச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தலை அந்தக் கோட்டைத் தொடாத பிள்ளைக்கு மேலே ஏற அனுமதி கிடையாது. தொடுகிறதா இல்லையா என்று பார்க்கும் வாயில் காவலருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேல். நான் பக்கத்து ஜன்னலில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவள். ஒன்பது வருஷமாக அவர் பிள்ளைகளை அழவைப்பதைப் பார்த்து வயிறெரிந்தவள்.

மனுஷன் அப்படி ஒரு கறார். யார் தலைகீழாக நின்றாலும் மசியமாட்டார். இங்கே சேர்ந்த புதிதில், சொந்த மகளின் கல்யாணத்துக்கே காலை ஷிஃப்டை முடித்துவிட்டுத்தான் போனார். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். மாற்று ஆள் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. அன்றோடு மகள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

போன மாதம் திடீரென்று அவளிடமிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார்கள். பிள்ளைகள் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. ஒரு நாள் கூட்டி வந்தால் விளக்கைக் காட்டுவீர்களா என்று கேட்டிருக்கிறாள். ஸ்கேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. விளக்கு அறைச் சாவிக்கு அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கினார். படிக்கட்டின் பித்தளைக் கைப்பிடியை உச்சிவரை தேய்த்துப் பளபளக்க வைத்தார். பேத்தியைப் பற்றிக் கேட்டால் போதும், வாயெல்லாம் பல்லாக நிற்பார்.

வந்தார்கள். பேரனுக்கு ஏழு வயது, கோட்டைத் தாண்டி நின்றான். பேத்திக்கு ஐந்து. சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். கோட்டுக்கு இரண்டு விரல் குறைந்தது.

"தாத்தா, நான் நேரா நிக்கிறேன் பாருங்க," என்று எக்கினாள்.

"குதிகால் கீழே," என்றார் ஸ்கேல்.

"விடுங்கப்பா, நான் தூக்கிட்டு ஏறுறேன்," என்றாள் மகள்.

"தூக்கிட்டு ஏறக் கூடாதும்மா. விழுந்தா யாரு பதில் சொல்றது?"

கொஞ்சம் முன்னால்தான் ஒரு பையனை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். அவன் அம்மா அங்கேயே நின்றுகொண்டு, "பாப்போம், சொந்தப் பேத்திக்கு என்ன சட்டம்னு," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். ஸ்கேலின் முகம் செத்துப்போனது. பென்சிலை எடுத்துப் பேத்தியின் தலைக்கு மேல் சுவரில் சின்னதாக ஒரு கோடு கிழித்தார்.

"அடுத்த வருஷம் வளந்துடுவே, கண்ணு. அப்போ தாத்தாவே கூட்டிட்டுப் போறேன்."

"அடுத்த வருஷம் நாங்க இங்க எங்கப்பா இருப்போம்?" என்றாள் மகள். பிள்ளைகள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். பேரனும் ஏறவில்லை. விளக்கு அறைக்கான அனுமதிச் சீட்டு ஸ்கேலின் சட்டைப் பையிலேயே இருந்தது.

மாலை ஐந்துக்குக் கதவைப் பூட்டியதும் அளவு நாடாவை எடுத்து வந்தார். பேத்தி இன்னும் எவ்வளவு வளர வேண்டும் என்று எழுதி அனுப்பப் போகிறாராம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இருந்தாலும் நாடாவின் நுனியைத் தரையில் பிடித்தேன்.

பென்சில் கோடு நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் காட்டியது. அறிவிப்புப் பலகையில் இருக்கும் சட்டமோ நூற்றுப்பத்து. சிவப்புக் கோட்டை அளந்தார். நூற்றுப் பதினைந்து.

"எப்படி?" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பிள்ளைகளின் தலை உரசி உரசிக் கோட்டின் அடிப்பக்கம் அழிந்துபோகும். மேல் விளிம்பு மட்டும் மிஞ்சும். வருஷா வருஷம் இவர் அந்த விளிம்பில் மரச்சட்டத்தை வைத்து, அதற்கு மேலே புதிதாகச் சிவப்பு தீட்டுவார். வருஷத்துக்கு ஒரு மெல்லிய தூரிகை அகலம் என்று கோடு மேலே மேலே ஏறியிருக்கிறது. நான் ஜன்னலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். சொன்னேன். அவர் கோட்டின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"உடனே போன் போடுங்கண்ணே. இன்னும் ஊரைத் தாண்டியிருக்க மாட்டாங்க."

போட்டார். ஒலிபெருக்கியில் வைத்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, கோடு தப்பும்மா. அளந்து பாத்துட்டேன். பாப்பா நூத்திப் பன்னெண்டு இருக்கா, தாராளமா ஏறலாம். திரும்பி வாங்க, கதவைத் திறந்து வைக்கிறேன்."

மறுமுனையில் பஸ் ஓடும் சத்தம் கேட்டது.

"அளவு சரியா இருந்தாத்தான் திறப்பீங்க, இல்லப்பா?" என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள்.

மறுநாள் நான் வருவதற்குள் பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, நூற்றுப்பத்தில் புதுக் கோடு தீட்டியிருந்தார். அதற்கு ஒரு விரல் மேலே பென்சில் கோடு அப்படியே இருந்தது. அவர் கண்கள் வீங்கியிருந்தன. இனியாவது மனுஷன் கொஞ்சம் இளகுவார் என்று நினைத்தேன். முதல் பிள்ளை வந்து சுவரோடு நின்றது. ஸ்கேல் குனிந்து அதன் கால்களைப் பார்த்தார்.

"குதிகால் கீழே," என்றார்.