பழ மண்டிக்காரர் வீட்டில் பழம் ஆகாத பிள்ளை

காந்தி மார்க்கெட்டில் என் வீட்டுக்காரருக்கு வாழைப்பழ மண்டி. பாலக்கரையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலுக்கு அடுத்து வாயில் வைப்பது ரஸ்தாளிதான். நல்ல சீப்பாகப் பார்த்து அவரே எடுத்து வருவார். வேறு யாரையும் தொடவிடமாட்டார், அவ்வளவு கர்வம்.

எங்கள் மூத்தவள் ஒன்பது மாதத்தில் போய்விட்டாள். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். ஏன் கெட்டது என்று ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு மகன் பிறந்தான். கொழுகொழுவென்று இருந்தவன், சோறும் பழமும் ஊட்ட ஆரம்பித்ததும் அக்காவைப் போலவே வாந்தி எடுத்தான். சில்லென்று வேர்த்துத் துவண்டான். யா அல்லாஹ், இவனையும் பறிகொடுக்கப் போகிறேனா?

பிள்ளை துவண்டால் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சர்க்கரைத் தண்ணீர் புகட்டினோம். இன்னும் மோசமானான். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள், சிரித்துக்கொண்டு எழுந்தான். வீட்டுக்கு வந்ததும், பிள்ளை தேறிவிட்டான் என்று இவர் சந்தோஷமாக ஒரு சீப்பு ரஸ்தாளி கொண்டு வந்தார். திரும்பவும் ஆஸ்பத்திரி. இப்படியே அலைந்தோம்.

கடைசியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் பதறாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"ஆமாங்க. என் மாமி மகன்தான்."

"வெறும் தாய்ப்பால் குடிச்சப்ப எப்படி இருந்தான்?"

"ஜம்முன்னு இருந்தாங்க. இப்ப எதுவுமே தங்க மாட்டேங்குது. பழம்கூடத் தங்கலைங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பழம் ஊட்டினா வாயை மூடிக்கிறானா?"

"மூடிக்கிறாங்க, பிடிவாதக்காரன். கெஞ்சிக் கொஞ்சித்தான் உள்ள தள்ள வேண்டியிருக்கு."

"அது பிடிவாதம் இல்லம்மா. அவனுக்கு அது ஆகாது."

பழத்திலும் தேனிலும் வீட்டுச் சர்க்கரையிலும் இருக்கிற ஒரு வகை இனிப்பை இவன் ஈரலால் செரிக்க முடியாமல் இருக்கலாம் என்றார். அது உள்ளே தேங்கி, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையையும் இறக்கிவிடுமாம். ஆஸ்பத்திரியில் ஏற்றிய குளுக்கோஸ் வேறு வகை என்பதால் ஒத்துக்கொண்டதாம். இந்தக் குறை தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளைக்கு வருமாம். அன்றே எல்லா இனிப்பையும் நிறுத்தச் சொல்லி, மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்.

"நான் பழம் விக்கிறவனுங்க டாக்டர்," என்றார் இவர், அழாத குறையாக.

"தாராளமா வில்லுங்க. இவனுக்கு மட்டும் ஊட்டாதீங்க."

முடிவு வருவதற்குள்ளேயே பிள்ளை தேறிவிட்டான். முடிவும் அவர் சொன்னபடியே வந்தது. மூத்தவளுக்கும் இதுதானா என்று கேட்டேன். "இருக்கலாம்மா. இனிமே உறுதியா சொல்ல முடியாது," என்றார்.

மகன் இப்போது ஸ்கூலுக்குப் போகிறான். அவனை விடப் போகும்போதெல்லாம், மூத்தவள் வயசுப் பிள்ளைகள் இரட்டைச் சடை ஆட வருவதைப் பார்த்தபடி ஸ்கூல் கேட் ஓரம் நின்றுவிடுவேன். அவள் முடி எவ்வளவு வளர்ந்திருக்கும்? இந்த ஏக்கத்துக்கு ஒரு டாக்டரும் மருந்து எழுத முடியாது.

போன மாதம் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் ஒரு அம்மா, "ஒரே ஒரு வாய்டா கண்ணு" என்று ஸ்பூனில் பீர்னிப் பாயசத்தை எடுத்து இவன் வாயருகே கொண்டு போனார். இவன் உதட்டை இறுக்கி மூடி, முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டான். அப்படியே மூத்தவள். ரஸ்தாளியை மசித்து நான் விரலில் எடுத்து நீட்டும்போதெல்லாம் அவள் இப்படித்தான் முகத்தைத் திருப்புவாள்.

"அவ வேணாங்கிறால்ல, விடுங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

பந்தியே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா ஸ்பூனோடு திகைத்துப் போனார். "பையனைத்தானே கேட்டேன்?" என்றார்.

இவர் மட்டும் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.