பூக்கும் நாளில் கடை இல்லை

பாதி வெட்டிய தலையை நாற்காலியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவார் கடைக்காரர். ஒரு கையில் கத்தரி, மறு கையில் சீப்பு. கண் மட்டும் கூரைகளுக்கு அப்பால் தெரியும் மலையில். மழை ஓய்ந்த மாதத்தில் எங்கள் தெரு முடிதிருத்தும் கடையில் இதுதான் நடக்கும். “அண்ணே, ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்கு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தால், “தல எங்கயும் போயிடாது. மேகம்தான் மூடிக்கும்” என்பார்.

மேல்சரிவில் நீலப் பூ படர்ந்தது தெரிந்துவிட்டால் மறுநாள் கடை கிடையாது. கதவில் ஓர் அட்டை தொங்கும்: ‘இன்று விடுமுறை. முடி வளரட்டும்.’

ஐம்பதைத் தாண்டியவர். நாளெல்லாம் நின்று பழகிய கால்கள். நடக்கச் சொன்னால்தான் சண்டித்தனம் செய்யும். வாய்க்கு ஓய்வே இல்லை. சவரக்கத்தி தொண்டையில் இருக்கும்போது கேள்வி கேட்பார், பதிலுக்கும் காத்திருப்பார். முன்மண்டை வெளுத்து வருபவர்களிடம், “நெத்தி அகலமாகுது, யோகம்தான்” என்று சமாதானம் சொல்வார்.

இந்த முறை என்னையும் அழைத்தார். “கூட வாங்க தம்பி. தனியா போனா யார்கிட்ட பேசுறது?”

மலைப்பைத்தியம் உண்மையில் அவருடையதல்ல. கல்யாணமான புதிதில் அவரை மேலே இழுத்துப்போனதே அண்ணிதான். “அவ ஆட்டுக்குட்டி மாதிரி தாவிப் போவா. நான் பின்னாடி மூட்டை மாதிரி வருவேன்” என்றார் நடந்துகொண்டே. அப்படி வருஷம் தவறாமல் போனவர்கள். ஒரு மழைநாளில் மாடிப்படியில் வழுக்கி, அண்ணிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். இப்போது கைத்தடியோடு வீட்டுக்குள் நடப்பார். மாடியிலிருந்து தெருவுக்கு இறங்குவதே பெரும்பாடு.

“அந்த வருஷம் நானும் போகல. பூத்து, உதிர்ந்து, எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவ எங்கிட்ட முகம் கொடுத்தே பேசல. என்னம்மான்னு கேட்டா, ‘நீங்களும் போகலன்னா அங்க நமக்கு யாரு இருக்கா’ன்னுட்டா.”

மரங்கள் முடிந்த இடத்தில் பாதை செங்குத்தாக நிமிர்ந்தது. வேரைப் பிடித்து, பாறையை அணைத்து, கிட்டத்தட்ட நான்கு காலில் ஏறினோம். “முட்டி என்ன சொல்லுது அண்ணே?” என்றேன். “அது சொல்றத நான் கேக்குறதில்ல.” அதற்குப் பிறகு அவருக்குப் பேச மூச்சில்லை. ஒரு திருப்பத்தில் தட்டையான பாறை ஒன்றில், இன்னொருவருக்கு இடம் விட்டு, ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் உட்காரப்போனேன். “நீங்க கொஞ்சம் அந்தக் கல்லுல உக்காருங்க தம்பி” என்றார்.

உச்சிக்குச் சற்றுக் கீழே சரிவு முழுக்கப் பூ. முழங்கால் உயரத்துக்கு நீலம். இடையிடையே கடுகளவில் மஞ்சள். காற்று வரும்போது மொத்தச் சரிவும் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் செல்போனை எடுத்தார்.

“வந்துட்டீங்களா?” அண்ணியின் குரல் உடனே கேட்டது. போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

“வந்துட்டேன்.”

“எப்படி இருக்கு?”

“நிறைய இருக்கு.”

“என்ன நிறம்?”

“நீலம்.”

“என்ன நீலம்?”

ஊரையே பேசித் தீர்க்கும் மனிதர் திணறினார். “நீலம்னா... நீலம்தான்.”

போனை மறு காதுக்கு மாற்றினார். “படம் எடுத்து அனுப்பட்டுமா?” என்றார்.

“வேண்டாம். படத்துல காத்து அடிக்காது.”

அவர் கொஞ்சநேரம் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, நான் பேசல. நீயே இரு” என்று சொல்லி மண்டியிட்டார். ஒரு தண்டும் ஒடியாமல் செடிகளை விலக்கி, இணைப்பைத் துண்டிக்காமல் போனைப் பூக்களுக்கு நடுவே வைத்தார். தேனீக்கள் அதைச் சுற்றிக்கொண்டு பறந்தன.

எழுந்து என் காதருகே குனிந்தார். “மேல வந்தா அவ கொஞ்சநேரம் தனியாத்தான் இருப்பா. வாங்க, தள்ளிப் போயிடலாம்.”

சரளைக்கல்லில் சத்தம் எழக்கூடாதென்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு மெல்ல நடந்தார்.