அழுத வாயால் சொல்ல வேண்டும்

எந்தப் படத்துக்கு எந்த விருது போகும் என்று முன்கூட்டியே சொல்வதில் எனக்குச் சின்னதாக ஒரு பெயர் உண்டு. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளின் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எந்த லாரி எந்த மாநிலத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. சினிமாவுக்கும் எனக்கும் டிக்கெட் வாங்கி உள்ளே போகும் உறவுக்கு மேல் ஒன்றும் கிடையாது. ஆனாலும் தேசிய விருது அறிவிக்கும் சமயம் நெருங்கினால் ஆபீஸில் எல்லாரும் "அக்கா, இந்தத் தடவை யாருக்கு" என்று என் மேசைக்கு வந்துவிடுவார்கள்.

என் முறை ரொம்பச் சாதாரணமானது. படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவே கூடாது. தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவர்களுக்கு எந்த இடத்தில் கண் கலங்கும் என்று பார்க்க வேண்டும். குளிரூட்டிய அறையில் நாளெல்லாம் படம் பார்த்துச் சலித்துப்போனவர்கள் அவர்கள். ஏழையாக நடிக்கிற பெரிய நடிகையை அவர்கள் நிறையப் பார்த்தாயிற்று. நடிக்கவே தெரியாத நிஜமான ஏழைப் பொம்பளை ஒருத்தி வந்து அழுதால் அசந்துபோவார்கள். இதை நான் கிண்டலாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொம்பளை என் அம்மாவாக இருப்பாள் என்று யார் கண்டது.

எடப்பாடியில் ஒரு தறிப்பட்டறையில் அம்மா விசைத்தறி ஓட்டுகிறாள். அப்பா போய் ரொம்ப வருஷம் ஆகிறது. எங்கள் பக்கம் படம் எடுக்க வந்தவர்கள் பட்டறைக்குள் நுழைந்து தறியைப் படம் பிடித்தார்கள். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய அம்மாவின் குரல் இயக்குநருக்குப் பிடித்துப்போனது. ஒரு சின்ன வேஷம் என்றார்கள். தம்பி மாதிரி இருந்த அந்த இயக்குநர் மரியாதையான ஆள்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்ன வேஷம் பெரிய வேஷமானது. கதையில் அம்மாவின் அண்ணன் செத்துப்போகிறான். அவள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அழ வேண்டும்.

அம்மாவுக்கு அழுகை வரவில்லை. செத்தவனாகப் படுத்திருந்தவர் சென்னைக்காரர், இடையிடையே எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு அண்ணன் இருக்காருல்ல, அவரை நெனச்சுக்குங்க" என்று இயக்குநர் சொன்னார். அம்மா நினைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கம் ஒப்பாரியில் பொய் பாட மாட்டார்கள். செத்தவர் எந்த வயலில் நின்றார், எந்தக் காலை இழுத்து நடந்தார், யாருக்கு என்ன கொண்டுவந்து கொடுத்தார் என்று உள்ளதைச் சொல்லித்தான் அழுவார்கள். அம்மாவுக்கு வேறு மாதிரி அழத் தெரியாது. என் மாமாவின் மோட்டார் ரூம், மாடு குத்தியதால் அவர் சாய்ந்து நடக்கிற நடை, அப்பா இறந்த பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் எங்களுக்குக் கொண்டுவரும் சீர், எல்லாம் வந்துவிட்டது.

"கரும்பு சொமந்து வந்த தோளு,
கட்டையில சாயுதே எங்கண்ணா."

கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள்கூட அழுதார்கள் என்று அம்மா அன்றைக்கு வந்து பெருமையாகச் சொன்னாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

படம் வெளிவருவதற்கு முன்பே, டிரெய்லரில் போட்டிருந்த அந்த அழுகை போன் போனாகப் போய்விட்டது. சங்ககிரிப் பக்கம் மாமாவின் ஊரில் அதைப் பார்த்தவர்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தோள், நடை, மோட்டார் ரூம் எல்லாம் அவருடையது. "உந்தங்கச்சி உன்னைய எடுத்து அடக்கம் பண்ணிப்போட்டா" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். மாமா அதைச் சிரித்துக் கடந்திருப்பார் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்த மாதமே அவருக்கு நெஞ்சு வலி வந்து சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அத்தை எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. நாங்களாகக் கேள்விப்பட்டுப் போனபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தி, "மொதல்லயே அழுதாச்சே, இன்னும் என்ன பாக்கி" என்றாள். அந்தப் பொங்கலுக்குச் சீர் வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. அம்மா இரண்டு தடவையும் வாசலில் கோலம் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கரும்பு நாமே வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

மாமா மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார் என்று தெரிந்ததும், துரத்தினாலும் பரவாயில்லை என்று இருவரும் பஸ் ஏறினோம். மாமா மாடு கட்டும் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். அத்தை உள்ளே போய்விட்டாள். அம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"சினிமாவுக்குத்தானுங்கண்ணா அழுதேன்" என்றாள்.

 மாமா மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அழுதது தப்புன்னு நான் சொல்லல அம்மணி. தலையில காக்கா தட்டுனா, ஆளு செத்துப்போச்சுன்னு நம்மளே ஒறம்பரை சொந்தத்துக்கெல்லாம் எழவு சொல்லி உடறதில்லையா? அவுங்க வந்து அழுவாங்க. அழுதா தோசம் போயிரும். ஆனா அன்னிக்கே, அழுதவங்க அத்தன பேருகிட்டயும், ஆளு உசுரோட இருக்கறான்னு சொல்லிப்போடோணும். சொல்லாம உட்டா அழுத அழுவ அந்த ஆளு மேலயே நின்னுக்கும். நீ ஊரு ஒலகத்துக்கே எழவு சொல்லிப்போட்டு வந்து உக்காந்திருக்கற. எத்தன பேருகிட்டப் போயி இல்லீன்னு சொல்லுவ?"

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. காக்கைக்கும் நெஞ்சு வலிக்கும் என்ன சம்பந்தம் என்று பஸ்ஸில் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவர் பீடியை நிறுத்தாததைப் பற்றியும் சொன்னேன். அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சங்ககிரி மலை கண்ணுக்கு மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"சாமி, விருது வாங்கறவங்க டிவில பேசுவாங்கல்ல?"

"பேசுவாங்க."

"அந்தப் படத்தப் பாத்தவங்க பூராப் பேரும் அதையும் பாப்பாங்கல்ல?"

"பாப்பாங்க."

"அப்ப எனக்கு வந்துருமா?"

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. விருது அவளுக்கு மேடை இல்லை, மாலை இல்லை, பெயர் இல்லை. வாய்க்கு முன்னால் ஒரு மைக், அவ்வளவுதான். அழுகையைக் கேட்ட அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காது கொடுக்கிற ஒரு நிமிஷம். நானே என் போனில் அவளைப் பேச வைத்துப் படம் பிடித்துப் போட்டுப் பார்த்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் பார்த்தார்கள், அதிலும் பாதிப் பேர் சிரிக்கிற பொம்மையை அனுப்பி வைத்தார்கள். "பாத்தவங்க பூராப் பேரும் கேக்கோணும். கொஞ்சப் பேரு கேட்டா ஆவாது" என்று அம்மா தலையை ஆட்டிவிட்டாள். மாமாவுக்கு நடக்க முடியவில்லை என்று செய்தி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு செய்திக்கும் அம்மா என்னிடம் வந்து நின்றாள்.

"வந்துருமா சாமி? நீ சொன்னா நடக்கும்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்கல்ல?"

ஊரில் இருக்கிற படத்துக்கெல்லாம் ஜோசியம் சொன்ன எனக்கு இந்த ஒன்றில் கணக்கு வரவில்லை. விருதுகளைக் கணித்துப் பேசுகிற வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தேன். சாப்பிடும்போதும் பார்த்தேன், பஸ்ஸிலும் பார்த்தேன். ஒரு ஆள் அம்மாதான் என்பான், மறுநாள் அவனே வடக்கே ஒரு பெரிய நடிகையைச் சொல்வான். அவனைப் போய் அடிக்கலாம் போல இருக்கும். எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: அந்த ஒப்பாரிக் காட்சிக்காகவே கொடுக்கலாம். அதைச் சொல்லி முடித்ததும் அதையே ஒரு தடவை போட்டுக் காட்டுவார்கள். அந்தக் குரல் வரும்போதெல்லாம் நான் போனைக் கவிழ்த்து வைப்பேன். நம்பிக்கை இல்லாதவள்தான் நான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கயிற்றுக் கட்டிலில் ஒரு ஆள் இன்னும் கொஞ்சம் மெலிவதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. பயந்துபோயிருந்தேன். அம்மாவிடம் அதைக் காட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

கடைசியில் ஒரு நாள், "வந்துரும்மா, கட்டாயம் வந்துரும்" என்று சொல்லிவிட்டேன். கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. வேறு பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

வந்தேவிட்டது. தில்லியில் உட்கார்ந்து பட்டியல் வாசித்தவர் அம்மாவின் பெயரைத் தன் இந்தி வாயில் என்னென்னவோ பண்ணினார், ஆனால் அது அம்மாவின் பெயர்தான். பட்டறையில் தறிகளை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பட்டறை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நான் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அம்மா அழவில்லை. "எப்ப வருவாங்க, டிவிக்காரங்க?" என்றுதான் கேட்டாள்.

மத்தியானத்துக்குள் சேலத்திலிருந்து வந்துவிட்டார்கள். எங்கள் வாசலில் கால் வைக்க இடமில்லை. அம்மா தலைக்குக் குளித்து, மாமா சீராகக் கொடுத்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "ரொம்ப சந்தோசமுங்க" என்றாள். யாருக்கு நன்றி சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். அம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். தறிச் சத்தத்துக்கு மேல் பேசுகிற அந்தக் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எங்கண்ணன் உசுரோட இருக்கறாருங்க. நான் அழுதது சும்மா. அழுதவங்க எல்லாரும் கேட்டுக்குங்க. எங்கண்ணன் நல்லா இருக்கறாருங்க. நூறு வருசம் இருப்பாரு."

மைக் பிடித்திருந்த பெண் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நல்ல பெண்தான். "சூப்பர்மா. அந்த ஒப்பாரியை ரெண்டே ரெண்டு வரி பாடிக் காட்டுங்களேன்" என்றாள். அம்மா மாட்டேன் என்று கை கூப்பினாள். மறுபடியும் அதே வார்த்தைகளைச் சொன்னாள், வந்திருந்த ஒவ்வொரு மைக்கிலும் ஒரு தடவை. நான் மாமாவின் ஊருக்குப் போன் போட்டு அத்தையிடம், சாயங்காலச் செய்தியில் மாமாவை டிவி முன்னால் உட்கார வையுங்கள் என்று கெஞ்சினேன். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் நானும் அம்மாவும் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்தோம். தலைப்புச் செய்தியிலேயே வந்தது. விசைத்தறி ஓட்டும் பெண்ணுக்குத் தேசிய விருது. அம்மா நின்ற வாசல், அம்மா கட்டிய புடவை. "ரொம்ப சந்தோசமுங்க" என்றாள் டிவியில். அடுத்து அவள் தொண்டையைச் சரிசெய்வதும் தெரிந்தது. அங்கேயே வெட்டிவிட்டார்கள். திரையில் பிணம் கிடந்தது, தலைமாட்டில் அம்மா மாரடித்துக்கொண்டிருந்தாள். கரும்பு சொமந்து வந்த தோளு.

வேறு சேனல் மாற்றினேன். அங்கே சந்தோசம் என்பதுகூட இல்லை, நேராக ஒப்பாரிதான். இன்னொன்று. அதிலும் அதுதான். ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். எடிட்டிங் அறையில் யாரோ ஒரு ஆள், எது மனசைத் தொடும் என்று என்னைப் போலவே கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கு சரிதான்.

அத்தைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை.

நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா பக்கத்தில் இல்லை. செருப்பு போடாமல் தெருவில் நின்றாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது, எல்லா வீட்டிலும் அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"எங்கண்ணன் உசுரோட இருக்கறாருங்க" என்றாள்.

கதவைத் திறந்த வீட்டுக்காரி முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க வாங்க, இப்பத்தான் பாத்தோம், என்னமா அழுதிருக்கீங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். உள்ளே போய் ஒரு தட்டில் இனிப்பு எடுத்து வந்து அம்மாவின் வாயில் ஊட்டினாள். அம்மா அதை மென்றுகொண்டே, விழுங்குவதற்குள் அவசரமாக, இன்னொரு தடவை சொன்னாள். பிறகு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

நான் பின்னாலேயே போனேன். அந்த வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். அம்மா கதவைத் தட்டியது உள்ளே கேட்கவில்லை.